லூர்துமேரி தட்டேந்திய நேர்மை வாரம்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத்தும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்துப் பிழைக்கிறவன் நான். பெயர் பாலகுரு. எந்த ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தாலும் எங்கள் ஊர் ஜனங்கள் முதலில் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். "அண்ணே, நீ பேண்ட் போட்டுகினு இருக்கற, கூட வந்தீனா மதிப்பான்" என்பார்கள். பேண்ட் போட்ட பாவத்துக்கு இந்த ஜில்லாவில் நான் ஏறி இறங்காத ஆபீஸ் கிடையாது. ஆனால் அயலகத் தொழிலாளர் காப்பு வாரியத்தைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் வேண்டாம் சாமி.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைக்கு வராத கமிட்டி இல்லை. வந்தார்கள், பேனர் கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். போகாமல் தங்கிவிட்டது இந்த வாரியம்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஜனங்களை ஏஜெண்டுகள் ஏமாற்றாமல் காப்பாற்றுவதற்காக விழுப்புரத்தில் ஒரு மாடியில் திறந்தார்கள். அதன் பியூன் ஊர் ஊராக வந்து நோட்டீஸ் ஒட்டினான். என் கடைச் சுவரையும் விடவில்லை.

லூர்துமேரி உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் யாருக்கும் வேலை கிடையாது. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் அவள் புருஷன் சகாயராஜ் துபாய்க்குப் போனான். எங்கள் ஊரில் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எல்லா நாட்டுக்கும் துபாய் என்றுதான் பெயர். அனுப்பி வைத்தவன் பஞ்சநாதன். இதே ஊர் உப்பளத்துக் குடும்பத்துப் பிள்ளை. இப்போது திண்டிவனத்தில் டிராவல்ஸ் வைத்து, வெள்ளைச் சட்டையும் விரலுக்கு ஒரு மோதிரமுமாக இருக்கிறான். "ஏ.சி. ரூம்ல உக்காந்து சாமானுக்கு லேபிள் ஒட்டற வேல" என்று சொல்லித்தான் அனுப்பினான். சகாயராஜ் போய் இறங்கியதும் கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டு, ஒரு வண்டியில் ஏற்றிப் போய்க் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தான். வெட்டவெளியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிற வேலை.

ஒரு வருஷம் தோண்டினான். அப்புறம் ஒரு நாள் இரும்புக் குழாய் உருண்டு காலில் விழுந்தது. வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாளில், லூர்துமேரி காத்திருந்த என் பூத்துக்குப் போன் பண்ணினான்.

"வீங்கிகினே இருக்குது மேரி. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேங்கறான். காலை இழுத்துகினே வேலைக்குப் போறேன். ஊருக்கு அனுப்புன்னாலும் பாஸ்போர்ட்டத் தர மாட்டேங்கறான்."

அவன் சாதாரணமாகத்தான் பேசினான். ரிசீவரை வைத்த பிறகு லூர்துமேரி என் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பஞ்சநாதனுக்குப் போன் போட்டேன். "அக்ரிமெண்ட் ரெண்டு வருசம். நடுவுல நான் இன்னாபா பண்ண முடியும்?" என்று சொல்லி வைத்துவிட்டான். அங்கே கம்பெனியில் இருக்கிறவன் அவனுடைய கூட்டாளி. இவன் ஒரு போன் பண்ணினால் அவன் விட்டுவிடுவான். இது ஊருக்கே தெரியும்.

லூர்துமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த நோட்டீஸைக் காட்டினாள். "வாண்ணே, இந்த ஆபீஸுக்குப் போலாம். இவங்க சொன்னா பஞ்சநாதன் அண்ணன் கேட்டுத்தான ஆவணும்?"

மாவட்டக் காப்பு அலுவலர் காசிலிங்கம் நல்ல மனுஷர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், முழுக் கதையையும் கேட்டார், கண் கலங்கினார். வேலையைத் தவிர எல்லாம் செய்தார்.

"உங்க வீட்டுக்காரர் போறதுக்கு முன்னாடி இங்க வந்தாராம்மா?"

"அப்ப இந்த ஆபீஸே இல்லீங்களே சார்."

"அதான் தப்பாப் போச்சு" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். "இது காப்பு வாரியம். காப்புங்கறது முன்னாடி செய்யறது. மாட்டிக்கிட்டவங்களை வெளியில எடுக்கறது மீட்பு. அதுக்குத் தனியா ஒரு மீட்பு வாரியம் வேணும்னு நானே மேல எழுதியிருக்கேன்."

"சரி சார், பஞ்சநாதன் மேல ஒரு புகாராவது எடுத்துக்கங்க" என்றேன் நான்.

"தாராளமா! ஆனா பாதிக்கப்பட்டவர்தான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். பத்து மணிக்கு மேல, அஞ்சு மணிக்குள்ள வரச் சொல்லுங்க."

லூர்துமேரி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "அவுரு வந்துட்டார்னா நான் இன்னாத்துக்கு சார் இங்க வர்றேன்?"

காசிலிங்கம் மேஜையைத் தட்டி ரசித்தார். "பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் விழிப்புணர்வு. இந்தம்மாவைப் பயிற்சியில சேத்தே ஆகணும்!"

வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் வாரியத்தின் பயிற்சியை முடித்தவர்களுக்குத்தான் வாரியத்தின் பாதுகாப்பு உண்டாம். சகாயராஜ் முடிக்காமலே போய்விட்டான். அதனால் பெண்டாட்டி அவன் சார்பாக முடித்துவிட்டால் அவன் பயிற்சி பெற்ற தொழிலாளி ஆகிவிடுவான், பிறகு அவனைக் காப்பாற்றுவது சட்டப்படி வாரியத்தின் கடமை. இதைச் சொல்லும்போது காசிலிங்கத்தின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது.

பயிற்சி டிசம்பரில், கொட்டுகிற மழையில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் உப்பளத்து ஜனங்கள். முதல் பாடம், பாலைவன வெயிலைத் தாங்குவது எப்படி. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்கு உப்புத் தண்ணீரில் நிற்கிற பொம்பளைகளுக்கு, காசிலிங்கம் ஃபேனுக்கு நேர் கீழே நின்று வெயில் என்றால் என்னவென்று விளக்கினார். திரையில் சூரியனின் படம் காட்டினார். "வெயில்ல வேலை செய்யும்போது குடை பிடிச்சுக்கணும்" என்றார்.

"குடை புடிச்சா மம்பட்டிய எந்தக் கையில சார் புடிக்கறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது இரண்டாம் நிலைப் பயிற்சியில வரும்மா."

அடுத்தது செய்முறைத் தேர்வு. வெயிலில் அரை மணி நிற்க வேண்டும். வெளியே மழை. வெயிலுக்காக அரசாங்கம் காத்திருக்க முடியுமா? கல்யாண வீடியோக்காரரிடம் ஃபோகஸ் லைட்டுகளை வாடகைக்கு எடுத்து, நாலு பக்கமும் நிறுத்தி, நடுவில் ஒரு பாலைவனம் உண்டாக்கியிருந்தார்கள். முதலில் காசிலிங்கமே நின்று காட்டினார். சட்டை தொப்பலாக நனைந்து, தலைவலி வந்து, கைத்தாங்கலாகப் போய் உட்கார்ந்தார். அடுத்தது லூர்துமேரி. விளக்குகளுக்கு நடுவில் போய் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் பொறுமை போய், "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள். அதற்குள் கரெண்ட் போய்ப் பாலைவனம் அணைந்துவிட்டது. எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள்.

சகாயராஜ் பெயரில் சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் விழுப்புரம் போனோம். காசிலிங்கம் அதை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் நெற்றி சுருங்கியது.

"இதுல உங்க வீட்டுக்காரர் டிசம்பர்ல விழுப்புரத்துல பயிற்சியில கலந்துகிட்டதா இருக்கே. அப்ப அவர் இந்தியாவுலதானே இருக்காரு?"

"சார், நீங்கதான அப்படிப் போட்டீங்க!" என்று நான் கத்தியே விட்டேன்.

"நானே போட்டிருந்தாலும் போட்டது போட்டதுதானே? இங்க இருக்கறவரை அங்கேயிருந்து எப்படிக் கூப்பிட முடியும், நீங்களே சொல்லுங்க." சான்றிதழை மடித்து அவளிடமே கொடுத்தார். "ஒண்ணு செய்யலாம். பயிற்சி முடிச்சிட்டு அப்புறமா கிளம்பிப் போனார்னு வெச்சுக்கலாம். போய் ஆறு மாசம் ஆனா புகார் எடுத்துக்கலாம். கவலைப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்."

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் லூர்துமேரி அந்தச் சான்றிதழைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிளியனூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "ஏண்ணே, இம்மாம் பெரிய ஆபீஸரு சொல்றாரே. ஒருவேள அவுரு வந்துட்டாராண்ணே?"

அவள் கேலி பண்ணவில்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கண்டக்டரிடம் சில்லறைக்காகச் சண்டை போட்டேன்.

பிப்ரவரியில் 'நேர்மை ஆளெடுப்பு வாரம்' வந்தது. நிறைவு விழா மரக்காணத்தில். நேர்மையான ஏஜெண்டுக்கு மேடையில் சான்று தருகிறார்கள் என்று நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுக்க என்னிடமே வந்தார்கள். யாருக்கு என்று படித்தேன். திண்டிவனம் பஞ்சநாதன்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டது. காசிலிங்கத்துக்கே போன் போட்டேன்.

"எல்லா ஏஜெண்டுக்கும் கேள்வித்தாள் அனுப்பினோம் பாலகுரு. 'நீங்கள் நேர்மையானவரா' அப்படின்னு ஒரே கேள்வி. பதில் போட்டது அவர் ஒருத்தர்தான். 'ஆம்'னு டிக் அடிச்சிருந்தாரு. நாங்க கண்ணை மூடிக்கிட்டுத் தரல."

விழாவுக்கு இடம் தேடி வந்த பியூன் உப்பளத்துப் பக்கம் போனான். உப்பு எடுக்கத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். பார்க்கிறவனுக்குச் சமமான மைதானம் மாதிரி இருக்கும். "இம்மாம் நல்ல கிரவுண்டு சும்மா கெடக்குது" என்று அங்கேயே ஷாமியானா போட்டுவிட்டான். பாத்திக்காரர் சுப்ராயன் ஓடி வந்து, "டேய், அது பாத்திடா! பத்து நாளா மிதிச்சி வெச்சிருக்கறன்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். காசிலிங்கம் அவரைத் தட்டிக்கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்து, ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

குத்துவிளக்கு ஏற்றுவது பழசாகிவிட்டது, மண்வாசனையோடு ஏதாவது செய்ய வேண்டும் என்பது காசிலிங்கத்தின் ஆசை. அதனால் ஒரு பெரிய பித்தளைத் தட்டு நிறைய உப்பு. சான்று வாங்குகிறவர் உப்பில் கை வைத்து உறுதிமொழி எடுக்க வேண்டும். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, பயனாளி குடும்பம் என்று லூர்துமேரியைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். என்ன பயன் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

உள்ளூர்க்காரன் ஒருவனைக் கேட்டிருந்தால் வேண்டாம் சார் என்று சொல்லியிருப்பான். உப்பளத்தில் ஒருத்தன் மேல் சந்தேகம் வந்தால் குவியலில் கைவிட்டுச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். அதோடு முடியாது. அந்தக் கையில் வந்த உப்பை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய், அன்றைக்கு உலையில் போட்டு, குடும்பத்தோடு தின்ன வேண்டும்; சொன்னது பொய்யானால் அந்த வீடு விளங்காது என்பது நம்பிக்கை. இந்து, கிறிஸ்துவன் என்று பேதம் கிடையாது. சாமி பேரில் பொய்ச் சத்தியம் பண்ணினவர்கள் எங்கள் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள், சாமிக்குப் பரிகாரம் உண்டு. உப்பில் கை வைத்துப் பொய் சொன்னவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை.

விழா தொடங்கியது. முதலில் பஞ்சநாதன் பேசினான்.

"நான் வெளிநாட்டுக்கு அனுப்பன யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்து என்னப் பத்திக் குறை சொன்னது கெடையாதுங்க!"

காசிலிங்கம் கை தட்டினார். பிறகு அவர் பேசினார். "ஒரு தொழிலாளி கிளம்பும்போது கண்ணீர் விடக்கூடாது. அதுக்கான எல்லா ஏற்பாட்டையும் வாரியம் செஞ்சிருக்கு. போன பிறகு அவர் கண்ணீர் விடறாரா இல்லையாங்கறது நம்ம வரம்புக்குள்ள வராது" என்றார். நீளமாகத்தான் பேசினார். மேடை என்பது பாத்தி மண்மேல் விரித்த ஒரு ஜமக்காளம்தான், கீழே ஈரம். பேசப் பேச மேடையில் இருந்தவர்களின் நாற்காலிக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கின. முடிக்கிறபோது பஞ்சநாதனின் முழங்கால் அவன் நெஞ்சுக்கு வந்திருந்தது.

அப்புறம் உறுதிமொழி. பஞ்சநாதன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். தட்டைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"சார், குத்துவெளக்கு இல்லீங்களா?"

"இல்லீங்க, உப்புதான். கையை வைங்க."

"கற்பூரம் கொண்டாரச் சொல்றேன் சார். எவ்ளோ வேணாலும் அணைச்சி சத்தியம் பண்றேன்."

"நிகழ்ச்சி நிரல்ல உப்புன்னு அச்சாயிடுச்சுங்க" என்று காசிலிங்கம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!"

உப்பளத்துப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து மேடைக்குக் கிட்டே வந்து நின்றார்கள். காசிலிங்கம் தாளைப் பிரித்து வாசித்தார்.

"பஞ்சநாதன் ஆகிய நான்..."

"பஞ்சநாதன் ஆகிய நான்..." கை இன்னும் தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"வெளிநாட்டுக்கு அனுப்பிய எந்தத் தொழிலாளியையும் ஒருபோதும் ஏமாற்றியதில்லை..."

பஞ்சநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. வெள்ளைச் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். லூர்துமேரி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுண்ணே. தட்டு கனக்குது."

முன்வரிசையில் அவனுடைய அம்மா அம்சவள்ளி, மகனுக்கு மரியாதை நடப்பதைப் பார்க்கப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் அவளும் இதே உப்பளத்தில் கூடை சுமந்தவள்தான். அவள் எழுந்தாள்.

"டேய் பஞ்சா. பொய்யச் சொல்லி அந்த உப்ப வூட்டுக்கு எடுத்தாந்தீனா நான் உலை வெக்க மாட்டேன். உம் புள்ளைங்க பட்டினிதான் கெடக்கும், சொல்லிட்டேன்."

பஞ்சநாதன் கண்ணை மூடிக்கொண்டு கையை உப்பில் விட்டான். மோதிரமெல்லாம் உள்ளே போய்விட்டது. "சித்திரை பொறக்கறதுக்குள்ள சகாயராஜ ஊட்டாண்ட கொண்டாந்து வுட்டுர்றேன்!" என்று கத்தினான். தாளில் அந்த வரி இல்லை.

பொம்பளைகள் குலவை போட்டார்கள். லூர்துமேரி தட்டைக் கீழே வைத்து, அவன் கையில் இருந்த உப்பை ஒரு நோட்டீஸில் பொட்டலம் கட்டி அவனிடமே கொடுத்தாள். "மறக்காம வூட்டுக்கு எடுத்துக்கினு போண்ணே" என்றாள்.

காசிலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. "என்னங்க இது! அங்கீகரிக்கப்பட்ட உறுதிமொழியில ஒரு எழுத்தை மாத்தணும்னாலும் மேலிடத்து அனுமதி வேணும்" என்று மைக்கிலேயே சொன்னார். உறுதிமொழியை அச்சிட்டபடி சொல்லாத காரணத்தால் பஞ்சநாதனின் நேர்மைச் சான்று நிறுத்திவைக்கப்பட்டது. வியாபாரம் தொடங்கிய நாளாக அவன் பேசிய முதல் உண்மைக்கு அந்தத் தண்டனை. எனக்கே அவன் மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

பங்குனி முடிகிற சமயத்தில் சகாயராஜ் வந்தான். எப்படித் தெரிந்துகொண்டார்களோ, வாரியத்துக்காரர்கள் காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, 'வாரியத்தின் தொடர் முயற்சியால் மீண்ட தொழிலாளியை வரவேற்கிறோம்' என்று என் கடைக்கு முன்னால் பேனர் கட்டினார்கள். ஏணி கேட்டார்கள், நானே எடுத்துக் கொடுத்தேன். அவன் வந்தால் போதும் என்று இருந்தது.

மெட்ராஸ் பஸ்ஸில் இருந்து இறங்கினான். ஆள் பாதியாகியிருந்தான். வலது கால் நேராக ஊன்றவில்லை. லூர்துமேரி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் காசிலிங்கம் மாலையைப் போட்டுவிட்டார். போட்டோ சரியாக வரவில்லை என்று, பாவம், அவனை மறுபடியும் பஸ்ஸில் ஏற்றி இறக்கினார்கள். பிறகு காசிலிங்கம் பேசினார். வெயிலில் அவன் ஒற்றைக் காலில் நின்று கேட்டான்.

பேச்சு முடிந்ததும் காசிலிங்கம் அன்பாகக் கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்டைக் கொடுங்க சகாயராஜ். நம்ம வாரியத்துக் கண்காட்சியில வைக்கணும். உங்ககிட்ட இருந்தா தொலைஞ்சுடும். பத்திரமா ஆபீஸ்லயே வெச்சுக்கறோம்."

சகாயராஜ் ஏன் என்று கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்து எடுத்து, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் கொடுத்தான். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான்.

"சார், நான் எந்த வண்டில ஏறணும்?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. லூர்துமேரிக்குப் புரிந்தது. காசிலிங்கத்தின் கையில் இருந்து பாஸ்போர்ட்டை வெடுக்கென்று பிடுங்கி இடுப்பில் செருகினாள். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். புருஷனுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் கையை எடுத்து மறு தோளில் போட்டாள்.

"வண்டி ஒண்ணும் கெடையாது" என்றாள். "இது நம்ம ஊரு. வூட்டுக்குப் போறோம், மெதுவா நட."